காயத்திற்குக் கட்சி ஏது?

(போரில் ஊனமுற்றோரின் நலன் குறித்து வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வயல் வேலையை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கு வந்திருக்கும் கமக்காரப் பெருமக்களே!

காயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. உடம்பும் காயம், அவ்வுடம்பிலே பட்ட புண்ணும் காயம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோர், எவருடைய காயம் என்று கேட்டு அச்சொல்லைப் பிரித்து வைக்கவில்லை. பிரிக்கும் வேலையை இந்நாட்டிலே நாம் வாழும் காலம் செய்திருக்கின்றது. அதைப்பற்றியே இன்று பேச முற்படுகின்றோம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அதிகாலையில் காலி வீதியிலே, முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கக் கண்டோம். நாற்பது வயதிருக்கும். தோளிலே ஒரு பை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து இழுத்து நடந்தார். உதவச் சென்றபோது, செயற்கைக் காலின் பாதம் வெடித்துவிட்டதென்றும், வேறு கால் போட வந்திருப்பதாகவும் சொன்னார். வயற்சேற்றிலே நடந்து நடந்து வெடித்த பாதம் அது. “இங்கே எவராவது பழைய கதையைக் கேட்பார்களோ?” என்பதே அவர் நம்மிடம் கேட்ட முதற் கேள்வி. எவ்வளவு செலவாகும் என்று கேட்கவில்லை; எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவில்லை. முன்னொரு முறை ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையிலே, “எந்தப் பக்கத்தில் நின்றபோது கால் போனது?” என்று கேட்டார்களாம். அன்று படிவத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டாராம்.

அன்பர்களே! அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி ஒரு மனிதன் பல ஆண்டுகள் வெடித்த பாதத்தோடு வயலில் இறங்கினான் என்றால், குற்றம் அவன் காலிலா? கேள்வியிலா?

இரண்டு கதவுகள்

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே இரு தரப்பிலும் உறுப்பிழந்தோர் பல்லாயிரவர். அரச படையினருக்கும் பொலிசாருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உதவவென 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தினால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. நாரஹேன்பிட்டியிலே இராணுவ வைத்தியசாலை இருக்கின்றது. இவற்றை நாம் குறை கூறவில்லை. தன் பணியில் உறுப்பிழந்தவனை அரசு தாங்குவது கடமை. அக்கடமையை இன்னும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பதே நம் கருத்து. 12 ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் ஊனமுற்ற இராணுவத்தினர் ஓய்வூதியம் கேட்டு 2017 ஆம் ஆண்டிலே கொழும்பு வீதியில் ஊன்றுகோல்களோடு நின்றதை நாம் மறந்துவிடவில்லை. அவர்களும் பெரும்பாலும் கமக்காரரின் பிள்ளைகளே. வெற்றிவிழாவிலே புகழப்பட்டவர்கள் ஓய்வூதியத்துக்கு வீதியிலே நிற்க நேர்ந்தது. புகழ்மாலை மருந்தாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறுதரப்பினரைப் பாருங்கள். போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களிலே வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் விரும்பிச் சேர்ந்தோரும் உண்டு; பள்ளிப் பருவத்திலேயே வீட்டிலிருந்து பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. முகாமிலிருந்து வெளியே வந்த அன்றே அவர்கள் சட்டத்தின் கண்ணில் ஏனைய குடிமக்களைப் போன்றோரே. ஆனால் அவர்தம் காயத்துக்கென்று ஒரு கதவு திறக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டோருக்கென 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தினால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் ஏற்பட்டது உண்மை. ஆயினும் இழப்பீடு ஒருமுறை வருவது. செயற்கைக் காலோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்வது. ஒருமுறை வருவதைக் கொண்டு பலமுறை தேய்வதை எங்ஙனம் ஈடு செய்வது?

வெளியிற் தெரியாத காயங்கள்

கால் இழந்தவனைக் கண் காண்கின்றது. காணாத காயங்களோ பல. உடம்பினுள்ளே ஷெல் துண்டு தங்கியிருப்போர் உளர். உலோகத் துண்டு இருப்பதை முன்கூட்டிச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் சென்றால் பேராபத்து நேரலாம். அஞ்சி மறைப்பவன் அதையும் மறைப்பான். வெடியோசையில் செவிப்புலன் குன்றியோர் உளர். வெட்டிய இடத்திலே நரம்பு முடிச்சிட்டு, இல்லாத கால் இரவெல்லாம் வலிப்பதாகத் துடிப்போர் உளர். உறக்கத்திலே அலறி எழுவோர் உளர். அத்தகைய மனவடுக்களைப் பற்றி யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் நடந்த காலத்திலேயே விரிவாக எழுதினார்.

எல்லாரினும் கொடிய நிலை முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருடையது. இடுப்பின் கீழ் உணர்வில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண். சிறுநீர்க் குழாய் சுத்தமில்லாவிட்டால் கிருமி. கிருமி சிறுநீரகத்தை எட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒரு மெத்தை, ஒரு குழாய், ஒரு துணையாள். இம்மூன்றுமே அவர்களுடைய வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலே நிற்கின்றன. வன்னியிலே ‘உயிரிழை’ என்ற பெயரில் அத்தகையோர் தாமே கூடி அமைத்த சங்கம் அவர்களுக்குத் துணை நிற்கின்றது. பெயரே பொருளைச் சொல்கின்றது அல்லவா?

இவர்களால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வரலாறு சொல்வோம். 1944 பெப்ரவரி முதலாந் திகதி, இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையிலே முள்ளந்தண்டுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் லுட்விக் குட்மன், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். அதுவரை அத்தகைய காயம் பட்டோர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்தனர். குட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தார். எழுப்பி உட்கார வைத்தார். கையிலே வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அன்றே, 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். அதுவே பரலிம்பிக் விழாவின் வித்து. அவ்விழாவிலேதான், போரிலே கையில் காயமடைந்த இலங்கை இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், 2021 இல் டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். கவனிப்பும் பயிற்சியும் கிடைத்த காயம் அங்கே ஏறிற்று. முல்லைத்தீவிலே படுக்கையிற் கிடப்பவனுக்கு அவை கிடைத்தால் அவன் எங்கே ஏறமாட்டான்?

தோற்றவனுக்கும் உண்டு

“ஆயுதம் எடுத்துத் தோற்றவனுக்கு அரசாங்கம் உதவுவதா?” என்று சிலர் சீறலாம். உலகம் இக்கேள்வியை முன்னரே கேட்டு விடை கண்டுவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. தென்னவர் போரிட்ட நோக்கம் அடிமை முறையைக் காப்பது; அதை எவரும் புகழவேண்டியதில்லை. மத்திய அரசு வென்றோருக்கே ஓய்வூதியம் அளித்தது. தோற்றோரைத் தென்மாநிலங்களே தாங்கின. மிசிசிப்பி மாநிலம் 1866 இல் தன் வருவாயில் ஐந்திலொரு பங்கைச் செயற்கை உறுப்புகளுக்கே செலவிட்டது என்பர் வரலாற்றாசிரியர். ஈற்றில் 1958 இல் மத்திய அரசும் தோற்றோருக்கு ஓய்வூதியம் வழங்கச் சட்டமியற்றியது. அதற்குள் 93 ஆண்டுகள் கழிந்துவிட்டன. எஞ்சியிருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவரும் விதவைகளுமே.

ஸ்பெயினிலே உள்நாட்டுப் போர் 1939 இல் முடிந்தது. பிராங்கோவின் ஆட்சி தன் தரப்பில் ஊனமுற்றோரைப் போற்றியது. குடியரசுத் தரப்பில் ஊனமுற்றோரைத் தெருவில் விட்டது. சர்வாதிகாரம் மறைந்து மக்களாட்சி மலர்ந்தபின், 1980 இல், அவர்களுக்கும் ஓய்வூதியம் வழங்கும் சட்டம் வந்தது. நாற்பத்தோர் ஆண்டுகள்!

நமக்கு இன்னும் அண்மையான சான்று இந்திய தேசிய இராணுவம். மலாயாவின் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர் நேதாஜியின் படையிலே சேர்ந்தனர். 1945 இல் அப்படை கலைந்தது. 1972 இல் தொடங்கப்பட்ட தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்திலேதான் இந்திய அரசு அவர்களுக்கும் இடமளித்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? மருந்து கொடுப்பது ஒரு கொள்கைக்கு அளிக்கும் நற்சான்று அன்று. வலிப்பவனுக்கு மருந்து, அவ்வளவே. எல்லா நாடும் ஈற்றிலே அங்கேதான் வந்து சேர்கின்றது. காலந்தாழ்த்தி வந்த நாடு, பயனடைய வேண்டியவரின் கல்லறைக்கே ஓய்வூதியம் அனுப்புகின்றது. 2009 இலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நாம் 41 ஆண்டு காத்திருப்பதா? 93 ஆண்டு காத்திருப்பதா?

நாம் கேட்பது

நாம் அரசாங்கத்திடம் சலுகை கேட்கவில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கவென்றே இயற்றப்பட்டது. ஊனமுற்றோர் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதி செய்தது. அவற்றின் பொருளை நடைமுறையிற் கேட்கின்றோம். போரில் ஊனமுற்றோர் எவராயினும், படையினராயினும் முன்னாட் போராளியாயினும் பொதுமகனாயினும், காயத்தின் அளவே உதவியின் அளவாகுக. செயற்கை உறுப்புச் செய்யும் பிரிவுகள் வடக்கு, கிழக்கு அரசினர் வைத்தியசாலைகளிலே பெருகுக. வைத்தியத்துக்கு வருபவனை விசாரணைக்கு வருபவனாக ஆக்காதிருப்பதாகுக.

நம் கடன்

ஆனால் அரசாங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்க நமக்கு உரிமை இல்லை. கொழும்புத் தமிழர் என்ன செய்தோம்?

இந்த வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் வடக்கு, கிழக்கு நோயாளிகளின் தங்குமடமாக எத்தனையோ ஆண்டுகளாய் இருந்து வருகின்றன. 2007 ஜூன் 7 ஆம் நாள் இங்குள்ள லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டதை நினைவுகூருங்கள். வைத்தியத்துக்கு வந்தோரும் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்தது; மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நோயாளி இந்நகரில் ஓரிரவு தங்குவதும் உரிமையே என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று. அவ்வுரிமையை நாம் இன்று எங்ஙனம் பேணுகின்றோம்? மூன்றாம் மாடியிலே, லிப்ட் இல்லாத அறையை ஒற்றைக் காலனுக்கு வாடகைக்குக் கொடுக்கின்றோம். கீழ்த்தளத்திலே ஓர் அறையை ஒதுக்க முடியாதா?

உதவும் இடங்கள் இல்லாமலில்லை. 1831 இல் தோன்றிய கொழும்பு நண்பர் உதவிச் சங்கம், ஏழைகளுக்கு ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கின்றது. யாழ்ப்பாணத்திலே 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் அதே பணியைச் செய்து வருகின்றது. அந்தக் கால் 1968 இல் ஜெய்ப்பூரில் டாக்டர் சேத்தியும் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் உருவாக்கியது. சப்பாத்தின்றி நடக்கலாம், குந்தியிருக்கலாம், சேற்றில் இறங்கலாம். கமக்காரனுக்கு ஏற்ற கால். றாகமையிலே அரசினர் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கின்றது. அது படையினருக்கு மட்டும் உரியதன்று. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்திலே ஊனமுற்றோருக்கும் கொடுப்பனவு உண்டு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவும் முல்லைத்தீவிலிருந்து வரும் மனிதனுக்குத் தெரியுமா? தெரியாது. சொல்ல வேண்டியவர் யார்? நாமே.

டாக்டர்மாரே! இடப்பெயர்விலே வைத்தியப் பத்திரங்களை இழந்தோர் எண்ணற்றோர். மாதத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். காயத்தைப் பார்த்துப் புதிய பத்திரம் எழுதிக் கொடுங்கள். சட்டத்தரணிகளே! எழுதுவினைஞர்களே! தமிழில் எழுதித் தமிழிலே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கின்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்தி அவர்களுக்காகப் படிவம் நிரப்புங்கள். கமக்காரப் பெருமக்களே! உங்கள் கிராமத்தில் ஊனமுற்றவனுக்குப் பிச்சை இடாதீர்கள். அவன் வரம்பைச் சற்று அகலக் கட்டிக் கொடுங்கள்; நீர்ப்பம்பியை அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்; உழவுக்கு ஒரு நாள் கொடுங்கள். மிகுதியை அவனே விளைவிப்பான்.

அன்று காலி வீதியில் இறங்கிய மனிதர் பத்து நாட்களின் பின் புதுக்காலோடு ஊர் திரும்பினார். அளவெடுத்தவர்கள் அவருடைய காலின் நீளத்தைக் கேட்டார்கள். வலிக்கும் இடத்தைக் கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறுமுன் அவர் நம்மிடம் அதைத்தான் இருமுறை சொன்னார்.

ஒவ்வொரு மேசையிலும் அந்த இரண்டு கேள்விகள் மட்டுமே கேட்கப்படும் நாள் வரவேண்டும். அதுவரை நமக்கு ஓய்வில்லை.