பொருள் வரைதலும் பொருட்காப்பும்

(மகாவீரர் திருநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அருங்கலச்செப்பைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் என்றே என்னை அழைத்தீர்கள். அந்நூலை மீண்டும் எடுத்துப் படித்தபோது, ஓய்வு பெற்றபின் நான் மேற்கொண்டுள்ள ஒரு சிறு பணி அதனோடு எவ்வளவு நெருங்கியது என்பது புலப்பட்டது. வீடு சேதமுற்றோர்க்குக் காப்பீட்டு இழப்பீடு கோரும் கடிதங்களை எழுதித் தருவதே அப்பணி. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

சாவகராகிய இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் ஐந்து. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கையும் எல்லாச் சமயத்தாரும் ஏதோ ஒரு வகையில் ஓதுவர். ஐந்தாவதாகிய பொருள் வரைதல் சமணத்துக்கே உரிய நுட்பம். துறவிக்கு உடைமையே இல்லை. இல்லறத்தானோ நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கலன் என வகைவகையாக எண்ணி, இவ்வளவே எனக்குப் போதும் என்று எல்லை கட்டிக்கொள்கிறான். எல்லை கட்டுவதற்கு முன்னர் எண்ணியாக வேண்டும். தன்னிடம் இருப்பது இன்னதென அறியாதவன் எதனை வரைவான்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறிப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சிதைத்து, எங்கள் சிவகங்கை மாவட்டத்தையும் தொட்டுச் சென்றது. அதன்பின் சிலர் என்னிடம் வந்தனர். அவர்களிடம் காப்பீட்டுப் பத்திரம் இருந்தது. கட்டணம் கட்டிய ரசீதும் இருந்தது. வீட்டில் என்னென்ன இருந்தன, அவற்றுள் எவை கெட்டன என்று வினவினால் மட்டும் விடை வரவில்லை. இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரும்பாலும் சேதம் நேர்வதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதை அந்த நாட்களில்தான் கண்டேன்.

எங்கள் நெற்குப்பை, நகரத்தார் வாழும் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. அறிஞர் சோமலெ பிறந்த ஊர். எங்கள் பக்கத்து வீடுகளை நீங்கள் அறிவீர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எனத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டைப் பூச்சு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் படைப்புக்கும் திறக்கப்படும் வீட்டில், ஓடு விலகி மழைநீர் இறங்கிய செய்தி நான்கு மாதம் கழித்தே உரியவருக்குத் தெரிகிறது. இவ்வகை வீட்டுக்குக் காப்பீடு செய்வோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வழக்கத்தில் இருந்துவரும் பொதுத் தீக்காப்புப் பத்திரத்தில், கட்டடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடக்குமானால் நிறுவனத்தின் இசைவை முன்னரே எழுத்தில் பெற வேண்டும் என்னும் நிபந்தனை இருக்கிறது. பெறாவிடில் காப்பு அற்றுப்போகும். பத்திரத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் கிடக்கும் இதனை யார் படிக்கிறார்? பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடு என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நன்று. கட்டணம் சிறிது கூடலாம், கூடட்டும். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது என்று சட்டம் கூறுகிறது. கேட்கப்பட்டதை மறைத்தால், பின்னர் நேரும் உண்மையான இழப்புக்கும் பணம் வாராது.

அடுத்து உரிமை. பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும். பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். பத்திரமோ ஊரில் இருக்கும் ஒருவர் பெயரில். சேதம் நேர்ந்தபின் அவருக்கு அவ்வீட்டில் எவ்வளவு உரிமை என்ற வினா எழும். வாரிசுச் சான்றும், மற்றப் பங்காளிகளின் எழுத்து இசைவும் முன்பே கோப்பில் இருந்தால் இவ்வினா ஒரு நாளில் தீரும். இல்லையெனில் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகளின் கையொப்பத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மதிப்பு என்பது இன்னொரு சிக்கல். புதிதாகக் கட்ட 40 இலட்சம் ஆகும் வீட்டைக் கட்டணத்துக்கு அஞ்சி 20 இலட்சத்துக்குக் காப்பீடு செய்தார் ஒரு மூதாட்டி. கூரையும் சுவரும் சரிந்து 4 இலட்சம் சேதம். 20 இலட்சத்துக்குள் தானே சேதம், முழுதும் வரும் என்றிருந்தார். வந்தது 2 இலட்சம். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவர் மீதிப் பாதிக்குத் தாமே காப்பாளர் என்பது சராசரி விதி. அவ்விதியை அவருக்கு விளக்கிச் சொல்லும் கடமை எனக்கு வந்தது. பத்திரத்தை விற்றவர் அதனைச் செய்திருக்க வேண்டும்.

ஒழுங்காற்று ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய பாரத் கிருக ரக்ஷா என்னும் பொதுப் பத்திரத்தில் இந்தச் சராசரி விதி இல்லை. வீட்டின் உட்பரப்பை (கார்ப்பெட் ஏரியா), அன்றைக்கு ஆகும் கட்டுமானச் செலவு வீதத்தால் பெருக்கிக் காப்புத் தொகையைக் கணக்கிடுவர். மனை விலை அதில் சேராது. வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, 10 இலட்சத்தை மிகாமல், தனி விவரம் கேட்காமலே காப்பாகிறது. வீட்டுக்காரர் எவரும் முதலில் இப்பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆயினும் பணம், பழம்பொருள், கலைப்பொருள் ஆகியன பொதுக் காப்பில் அடங்கா. நகைக்கும் ஓவியத்துக்கும் மதிப்பீட்டுச் சான்றுடன் தனியே சேர்க்க வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு தேக்குத் தூண் என்ன விலை போகிறது என்பது வேறு. காப்பீட்டார் தருவது வேறு.

நாட்பட்ட தேய்வுக்கும் கசிவுக்கும் எந்தப் பத்திரமும் பொறுப்பேற்பதில்லை. புயலில் ஓடு பறந்தால் இழப்பீடு உண்டு. பத்தாண்டாக மாற்றாத ஓட்டின் வழியே நீர் ஒழுகினால் இல்லை. எனவே மராமத்துச் செய்த கொத்தனார் கூலிச் சீட்டு, ஓடு வாங்கிய ரசீது ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். வீடு பேணப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி. முட்டைப் பூச்சுத் தெரிந்த கொத்தனாரின் கூலி, சிமெண்டுப் பூச்சின் விலைப்புள்ளியில் அடங்காது என்பதையும் அச்சீட்டைக் காட்டித்தான் மதிப்பீட்டாளருக்கு விளக்க முடியும்.

சேதம் நேர்ந்த அன்று செய்ய வேண்டியது என்ன? படம் எடுங்கள், இடிபாட்டை அள்ளுவதற்கு முன். பின்னர்த் தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் காத்துக்கொள்ளுங்கள்; அது உங்கள் கடமையும்கூட. தொலைபேசியில் சொல்லி, அன்றே எழுத்திலும் தெரிவியுங்கள். தீ எனில் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை, களவு எனில் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை. புயல் வெள்ளம் எனில் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் நாளேட்டுச் செய்தியும் உதவும். பொதுத் தீக்காப்புப் பத்திரம் 15 நாட்களுக்குள் எழுத்தில் கோரச் சொல்கிறது. வெளியூரில் இருந்ததால் தாமதமானால் காரணத்தை உள்ளபடியே எழுதுங்கள். நியாயமான கோரிக்கையைத் தாமதம் ஒன்றையே காட்டி மறுக்கலாகாது என்று ஆணையம் 2011இலேயே சுற்றறிக்கை விடுத்துள்ளது.

2024 ஜூனில் வந்த சுற்றறிக்கையின்படி, தகவல் தந்த 24 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாளில் அவர் அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் நிறுவனத்தின் முடிவு. மதிப்பீட்டாளர் வரும்போது வீட்டில் ஒருவர் உடன் இருங்கள். பட்டியலின் படி ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் அவர் கையொப்பம் பெறுங்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நூறு கேட்டால்தான் ஐம்பதாவது வரும், ஆகவே இருநூறு எழுதுங்கள் என்று அறிவுரை கூறுவோர் எல்லா ஊரிலும் உள்ளனர். அப்படி எழுதித் தருமாறு என்னிடமும் கேட்டதுண்டு, எழுதியதில்லை. கெடாத தொலைக்காட்சிப் பெட்டியைக் கெட்டதென்று சேர்த்தால், அந்தப் பெட்டியின் தொகை மட்டும் கழிவதில்லை. கோரிக்கையில் எப்பகுதியிலேனும் மோசடி இருப்பின் பத்திரத்தின் பயன் முழுதும் இழக்கப்படும் என்பது நிபந்தனை. பொய்யாமையும் கள்ளாமையும் இங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. காப்பீட்டு நிதி ஒருவருடைய பணம் அன்று. அண்டை வீட்டார் பலர் கட்டிய கட்டணம்.

அதேபோல், உரியதைக் கேட்காமல் விடுவதும் பொருள் வரைதல் ஆகாது. குறைத்துத் தந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முழுத் தீர்வு என்றெழுதிய பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டுவிட்டோமே என்று தயங்க வேண்டா. அதனால் மேல்முறையீட்டு உரிமை போய்விடாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் விடை இல்லையெனில், அல்லது விடை நிறைவளிக்கவில்லையெனில், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளராகிய ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டா. 50 இலட்சம் வரை அவர் தீர்ப்பளிப்பார். மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதற்கு அப்பாற்பட்ட வழி. 155255 என்னும் எண்ணில் ஆணையத்தின் குறைதீர் மையம் கிடைக்கும்.

நகரத்தார் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. திருமணத்தின்போது இசைகுடிமானம் எழுதுவர். மொய்ப்பண ஏடும் எழுதுவர். சீர்ச் சாமான்களுக்குப் பட்டியல் இருக்கும். அந்தச் சீர்ப் பட்டியல்களைக் கொண்டே கஜாவுக்குப் பின் ஒரு வீட்டாரின் பித்தளை, வெள்ளிச் சாமான் இழப்பை நாங்கள் மெய்ப்பித்தோம். அறுபது ஆண்டுக்கு முன் மாமியார் கையால் எழுதிய தாளை மதிப்பீட்டாளர் படம் பிடித்துக்கொண்டார்.

பொருள் வரையும் விரதத்தை ஏற்கும் சாவகர் வீட்டிலும் அத்தகைய பட்டியல் இருத்தல் இயல்பே. அதில் பொருளின் பெயரோடு வாங்கிய ஆண்டு, விலை, வைத்திருக்கும் அறை ஆகிய மூன்று நிரல்களைச் சேர்த்தால் போதும். அவ்வாறு கோடிட்ட தாள்களை அறக்கட்டளையார் அச்சிட்டு மண்டப வாயிலில் வைத்துள்ளனர். வீட்டுக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை நிரப்பி வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். வீட்டோடு சேர்ந்து நனைந்துபோகும் பட்டியலால் பயனில்லை.