மட்டையில் பாதி, பிள்ளையில் பாதி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் நூறாண்டு வரலாற்றைச் சொல்ல என்னிலும் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். செயலாளர் என்னிடம் கேட்டது ஒரு சின்னக் கேள்விக்கு விடை. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை மாணவிகளின் சொஃப்ட்போல் விளையாட்டுக்கு ஒதுக்க எண்ணியிருக்கிறோம். வெளிநாட்டுக் கிளையினர் சிலர், "ஆகச் சிறந்த மட்டையாகப் பார்த்து அனுப்புவோம்" என்கிறார்கள். அங்கே அத்தகைய மட்டை ஒன்று 300 முதல் 500 டொலர் வரை விற்கிறது. அந்தப் பணம் பிள்ளைகளுக்குப் பயன் தருமா? பௌதிகவியல் படிப்பித்தவள், பெண்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைப் பழக்குகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. சொஃப்ட்போல் என்றதும் எங்கள் ஊரில் மென்பந்துக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். இது அதுவல்ல, பேஸ்போலின் தங்கை. 1887 இல் சிக்காகோவில், நன்றி நவிலும் நாளன்று, ஒரு மண்டபத்துக்குள் குத்துச்சண்டைக் கையுறையைக் கட்டிப் பந்தாக்கி, தும்புத்தடிக் காம்பால் அடித்து விளையாடியதில் பிறந்தது. எல்லே விளையாடியவர்களுக்கு இது அந்நியமாக இராது. உருண்டைத் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவது எங்களுக்குப் பழகியதுதானே.

தங்கை என்றேன், இலகுவானவள் என்று எண்ணிவிடாதீர்கள். பேஸ்போலில் பந்தெறிபவர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தூரத்தில். பெண்கள் சொஃப்ட்போலில் அது 43 அடி. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பேஸ்போலும், 65 மைல் வேகத்தில் வரும் சொஃப்ட்போலும் அடிப்பவரை வந்தடைய எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஏறத்தாழ 0.4 செக்கன். மட்டையை வீசுவதற்கே அதில் 0.15 செக்கன் போய்விடும். மிஞ்சும் கால் செக்கனுக்குள் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இனி மட்டைக்கு வருவோம். பேஸ்போலின் பெரும் தொழில்முறைப் போட்டிகளில் இன்றும் மரமட்டைதான். முன்பு ஹிக்கரி, பின்பு ஆஷ், இப்போது பெரும்பாலும் மேப்பிள். 2001 இல் பரி பொண்ட்ஸ் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தது மேப்பிள் மட்டையால். அதன் பிறகே மேப்பிளின் மவுசு கூடியது. 1970களில் அலுமினிய மட்டை கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் வந்தது. பிறகு காபன் நாரால் செய்த கலப்புப்பொருள் மட்டை. இன்று அங்கே பெண்பிள்ளைகளின் கையில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டுமே.

இவற்றுக்குள் என்ன வேறுபாடு? மரமட்டை விறைப்பானது. மோதும்போது பந்துதான் நசுங்கும். நசுங்கும் பந்துக்குள் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். உள்ளே வெறுமையான மட்டையின் சுவரோ சற்று உள்வாங்கி, வாங்கிய சக்தியைப் பந்துக்குத் திருப்பிக் கொடுக்கும். மோதல் நீடிப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. அதற்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது.

ஆகவே நல்ல மட்டை பந்தைக் கூடிய வேகத்தில் அனுப்பும் என்பது உண்மை. ஆனால் அதற்கு எல்லை போட்டிருக்கிறார்கள். அடிபட்ட பந்து திரும்பிப் போகும் வழியில் பந்தெறிந்த பிள்ளை நிற்கிறாள் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். எறிந்து முடித்த கணத்தில் அவளுக்கும் மட்டைக்கும் இடையே 40 அடிகூட இராது. அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்போலில் 2011 முதல் உலோக மட்டையின் துள்ளலை மரமட்டைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். ஜப்பானின் உயர்தரப் பாடசாலைப் பேஸ்போலில் 2024 முதல் மட்டையின் விட்டத்தை 67 மில்லிமீற்றரிலிருந்து 64 ஆகக் குறைத்து, சுவரையும் தடிப்பாக்கினார்கள். சொஃப்ட்போலிலும் அனுமதி முத்திரையுள்ள மட்டைகளுக்கு உச்ச வரம்பு உண்டு. எனவே அந்த வரம்புக்குள் இருக்கும் இரண்டு மட்டைகளுக்கு இடையே விலையில் தெரியும் தூரம் பந்து போகும் தூரத்தில் தெரியாது.

விலையை விட முக்கியமானது பாரம் எங்கே இருக்கிறது என்பது. உயர்தரத்தில் சடத்துவத் திருப்பம் படித்தோம் அல்லவா? அது இங்கே கண்முன்னே வேலை செய்கிறது. ஒரே நிறையுள்ள இரண்டு மட்டைகளில் நுனி பாரமானது மெதுவாகவே சுழலும். பிடிப் பக்கம் பாரமானது விரைவாகச் சுழலும். பெண்கள் சொஃப்ட்போலில் 33 அங்குல மட்டை 23 அவுன்ஸ் அளவில் இருப்பது வழமை. அதே உயரத்துத் தொழில்முறை மரமட்டை 30 அவுன்சுக்கு மேல் போகும். நேரம் குறைவான விளையாட்டுக்கு விரைந்து சுழலும் மட்டையே பொருத்தம். பிள்ளையைப் பக்கவாட்டில் ஒரு கையால் மட்டையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். 20 செக்கனுக்குள் கை தாழ்ந்தால் அது அவளுக்குப் பாரம் கூடியது. பயிற்சியாளர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை இது. குளிர் நாடுகளில் இருக்கும் தாய்மாருக்கு இன்னொன்று: ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் கலப்புப்பொருள் மட்டை வெடிக்கக்கூடும். வசந்தகாலப் பயிற்சிக்கு அலுமினியமே போதும்.

அடுத்தது அடிக்கும் முறை. 1941 இல் 0.406 என்ற சராசரியை எட்டிய ரெட் வில்லியம்ஸ், பந்து வரும் வழிக்கு ஒத்தாற்போல் மட்டை சற்று மேல்நோக்கி வர வேண்டும் என்றார். பேஸ்போலில் 10 அங்குல மேட்டிலிருந்து, தலைக்கு மேலிருந்து பந்து இறங்கி வருகிறது. ஆகவே அது சரி. சொஃப்ட்போலில் சமதரையில், இடுப்பளவில் கை விடுகிறது. பந்து தட்டையாக வரும், சில வேளை மேலெழுவதுபோலத் தோன்றும். ஆகவே பேஸ்போல் வீரரின் வீச்சை அப்படியே பார்த்துப் பழகுவது பிள்ளைக்கு உதவாது. மட்டை பந்தின் பாதையில் நீண்ட நேரம் இருக்க வேண்டும் என்ற தத்துவம் இரண்டுக்கும் பொது, பாதைதான் வேறு.

2004 இல் ஒரு காட்சிப் போட்டியில் ஜெனி ஃபின்ச் என்ற சொஃப்ட்போல் வீராங்கனை, பேஸ்போலின் மிகச் சிறந்த துடுப்பாளர்களில் ஒருவரான அல்பேர்ட் பூஹோல்ஸை அடிக்கவிடாமல் ஆட்டமிழக்கச் செய்தார். அவருடைய கைப்பலம் குறைந்துவிடவில்லை. பல்லாயிரம் பந்துகளைப் பார்த்துப் பழகிய அவருடைய கண், கீழிருந்து வரும் பந்தைப் படித்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் நியூயோர்க் யாங்கீஸ் அணியினர் ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்தபோது, எல்லோரும் அவர்களிற் சிலர் வைத்திருந்த "டோர்பிடோ" மட்டையைப் பற்றியே கதைத்தார்கள். அடிப்பவரின் மட்டையில் பந்து எந்த இடத்தில் அதிகம் படுகிறதோ அந்த இடத்துக்கு மரத்தை நகர்த்திய மட்டை அது. வடிவமைத்ததில் முன்னின்றவர் ஒரு பௌதிகவியலாளர். நல்ல யோசனைதான். ஆனால் அன்று தனியொருவராக 3 ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜின் கையில் இருந்தது வழமையான மட்டை.

அந்த யோசனையின் சாரத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளையைப் பார், பிறகு மட்டையைத் தெரிவு செய். ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. நடுத்தர விலையில், வெவ்வேறு நீளத்தில், நிறையில் ஐந்தாறு அலுமினிய மட்டைகள் போதும். மிச்சப் பணத்துக்குப் பந்துகள் வாங்குவோம், நிறைய. பந்தை வைத்து அடித்துப் பழகும் தாங்கிகள், ஒரு வலை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்கவசம், பந்தெறியும் பிள்ளைக்கு முகக்கவசம் வாங்குவோம். எல்லாவற்றிலும் மேலாக, கிழமைக்கு இரண்டு நாள் வந்து நல்ல பந்தெறிந்து தரக்கூடிய ஒரு பயிற்சியாளருக்கு வேதனம் கொடுப்போம். பிள்ளைகளின் கண் பழகுவது அங்கேதான். அந்தக் கால் செக்கனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மட்டை ஐந்தாறு ஆண்டில் தேய்ந்துபோகும். ஒரு பிள்ளை பந்தைப் பார்க்கப் பழகிவிட்டால், அவள் தனக்குப் பின்னால் வருபவளுக்கும் பழக்குவாள். நூறு ஆண்டுகளாக இந்தக் கல்லூரியில் அக்காமார் தங்கைமாருக்குச் செய்துவந்தது அதுவே. இந்த நிதியும் அந்த வழியிலேயே போகட்டும்.