தொட்டியில் வளரும் வெண்டை



வெண்டை வெப்பத்தின் பிள்ளை. பருத்தியும், செம்பருத்தியும், நம் கடற்கரைத் தெருக்களில் நிழல் தரும் பூவரசும் அதன் சுற்றத்தார். பூவைப் பார்த்த அளவிலேயே உறவு புலனாகும். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் வெண்டையைச் செம்பருத்தியின் இனத்தோடு சேர்த்துப் பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்தனர். மண்ணின் வெப்பம் 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருப்பின் அதன் விதை மகிழ்ந்து முளைக்கும். 17 டிகிரிக்குக் கீழே சென்றால் முளைக்கத் தயங்கும். ஈரத்தில் கிடந்து அழுகியும் போகும். உறைபனி பட்டாலோ செடியே மாண்டுவிடும்.

ஆயினும் இலண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் நம் தமிழ் மக்கள் தம் வீட்டு முற்றத்தில் வெண்டை பறிக்கிறார்கள். கனடாவின் வைன்லாந்து ஆராய்ச்சி நிலையம், அந்நாட்டில் குடியேறியோர் விரும்பும் வெண்டை, கத்தரி முதலிய காய்களை அங்கேயே விளைவிக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறது. வீட்டில் வளர்ப்போர்க்குக் கைகொடுப்பது தொட்டி. வசந்தத்தில் வீட்டினுள்ளே வெதுவெதுப்பான சன்னலருகில் விதையை முளைக்க வைக்கிறார்கள். உறைபனிக் காலம் நீங்கிய பின்னர்த் தெற்கு நோக்கிய சுவரோரம் தொட்டியை வைக்கிறார்கள். இரவு குளிர்ந்தால் உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு நிறத் தொட்டியையே தேர்கிறார்கள். அது கதிரவனின் வெப்பத்தை மிகுதியாக ஈர்த்து வேருக்குத் தருகிறது. அங்கே இன்னொரு தடையும் உண்டு. கோடையில் இலண்டனில் நீண்ட பகல் பதினாறு மணிக்கும் மேல். வெண்டையின் பல வகைகள் பகல் குறுகினால்தான் விரைவிற் பூக்கும். ஆகவே விதை வகையையும் அறிந்து தேர வேண்டும்.

குளிர் நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் வாழும் அனுப்பம்பட்டு, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டிய ஊர். அங்கிருந்து வடகிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரியும் அதன் மீனவச் சிற்றூர்களும் வரும். இங்கு வெப்பத்திற்குப் பஞ்சமில்லை, பகை உப்பு. ஏரி நீர் கடலோடு கலந்தது. மீஞ்சூர்ப் பகுதியிலோ நிலத்தடியிற் கடல்நீர் புகுந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. பாசனத்திற்கும் சென்னை நகருக்குமாக நன்னீரை மிகுதியாக இறைத்தமையே அதற்குத் தலையாய காரணம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையும் கரையோர நிலங்களில் உப்பைக் கொட்டிச் சென்றது.

உப்பு செடியை எவ்வாறு வருத்துகிறது? மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதனை எளிதில் உணர்வர். கருவாட்டுக்கு மீனில் உப்பிடும்போது, உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது அன்றோ? மண்ணில் உப்பு மிகுந்தாலும் அதுவே நிகழ்கிறது. வேரைச் சுற்றி ஈரம் இருக்கும். ஆனால் உப்பு அந்நீரை விடாமற் பிடித்துக்கொள்ளும். நீரின் நடுவே நின்றும் செடி தாகத்தால் வாடும்.

"எங்கள் ஊர் மண்ணில் ஒன்றும் விளையாது, ஐயா" என்று என் மாணவர்கள் சொல்லப் பலமுறை கேட்டிருக்கிறேன். அச்சொல்லில் பாதி உண்மை. ஏரியில் வலை விடும் உரிமையைப் 'பாடு' என்னும் முறைப்படி அவர்கள் தம்முள் பகிர்ந்துகொள்கிறார்கள். முறை வராத நாளில் வருவாய் சுருங்கும்; முதலிற் சுருங்குவது காய்கறிச் செலவே. எனவே பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டு கை கட்டியிருத்தல் தகாது. நிலத்தை மாற்ற நம்மால் இயலாதிருக்கலாம். ஒரு தொட்டி மண்ணை மாற்ற இயலும்.

முறையைக் கூறுகிறேன். ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள மண்தொட்டியோ பழைய வாளியோ போதும். அடியில் துளை இன்றியமையாதது. உப்பில்லாத தோட்டமண் இரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு கலக்கவும். கடல் மணல் ஆகாது. தென்னை நார்த்தூளிலும் உப்பு தங்கியிருக்கும்; நன்னீரிற் பலமுறை அலசிய பின்னரே சேர்க்கவும். இரவு முழுதும் ஊறிய விதைகளில் இரண்டை விரற்கடை ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் வலியதை மட்டும் வளர விடவும். வெண்டையின் ஆணிவேர் இடம் பெயர்த்தலைப் பொறாது. ஆதலால் வளரவேண்டிய தொட்டியிலேயே விதைப்பது நன்று. நம் வெயிலில் கறுப்புத் தொட்டி வேரைச் சுட்டுவிடும்; வெளிப்புறம் சுண்ணாம்பு பூசுங்கள். அங்கே கறுப்பு, இங்கே வெள்ளை. கருவி ஒன்றே, கருத்து இடத்திற்கேற்ப மாறுகிறது.

மழைநீரைச் சேமித்து ஊற்றுவது சிறப்பு. விளிம்பில் வெண்மையாகப் பூத்தால் உப்பு சேர்கிறதென்று அறிந்து, அடித்துளை வழியே வழிந்தோடுமளவு நன்னீர் விட்டுக் கழுவுங்கள். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் கண்ட செடியை உடனே பிடுங்கி அகற்றுங்கள். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 'அர்கா அனாமிகா' இந்நோயைத் தாங்குமாறு உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளிற் பூக்கும். பூத்த ஐந்தாறு நாளிற் காய் பறிக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். காய் முற்றினால் செடி புதிதாய்க் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

ஆறு தொட்டிகள் வாரம் ஒருமுறை குழம்புக்குக் காய் தரும். மிகைபடக் கூற நான் விரும்பவில்லை. நிலத்தடி நீரின் உப்பைத் தொட்டி நீக்காது. அதற்கு நீரை அளவோடு இறைத்தலும், ஏரி குளங்களில் மழைநீரைத் தேக்குதலும் வேண்டும்; அது ஊரும் அரசும் கூடிச் செய்யவேண்டிய பணி.

மாணவர்களே, இரு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஏரிக்கரை மண், மற்றொன்றில் நான் கூறிய கலவை. ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு நீர் விட்டு, நாள்தோறும் செடியின் உயரத்தையும் இலையின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். உங்கள் ஊர் மண்ணைப்பற்றி நான் சொன்னதையும் நம்பவேண்டாம், பிறர் சொல்வதையும் நம்பவேண்டாம். அக்குறிப்பேடு சொல்வதை நம்புங்கள்.