தாய்க்கோழி கட்டித்தரும் கட்டுச்சோறு

கோழியை அடை வைப்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கும் பக்குவம் பெரிது. இருட்டான மூலை பார்த்து, கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடி தாக்காமலிருக்க இரும்புத் துண்டும் கரியும் போடுகிறார்கள். அந்த அக்கறை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே, கோழி முட்டையிடும் நாட்களிலேயே, அதன் தீனியிலும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆட்டுக்குட்டிக்குத் தாய் வயிற்றில் நாள்தோறும் ஊட்டம் வந்துகொண்டிருக்கும். கோழிக்குஞ்சுக்கு அப்படியில்லை. 21 நாளுக்கும் முட்டைக்குள் இருக்கும் ஊட்டம்தான் கதி. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. பொரிவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அதுதான் தாங்குகிறது.

வைட்டமின் பி2 குறைந்த தீனி தின்ற கோழியும் முட்டையிடும்; குறை வெளியே தெரியாது. பொரியாத முட்டையை உடைத்துப் பார்த்தால் தெரியும். குஞ்சு முழுசாக வளர்ந்திருக்கும்; உடல் முடி மட்டும் விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருக்கும். தப்பிப் பொரித்த குஞ்சுக்கோ கால்விரல்கள் உள்பக்கம் மடங்கிவிடும். பாதம் ஊன்ற முடியாமல் காலை மடித்தே நகரும். மாங்கனீசு குறைந்தால் கருவிலேயே கால் குட்டையாகி, அலகு கிளிமூக்காக வளையும்.

நோய் எதிர்ப்பும் தாய்வழியேதான் வருகிறது. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட கோழியின் எதிர்ப்பாற்றல் மஞ்சள் கருவில் இறங்கி, குஞ்சுக்கு முதல் சில வாரம் காவல் நிற்கிறது.

சாப்பாட்டு முட்டைக்குப் போதுமான வைட்டமின் அளவு, குஞ்சு பொரிக்கும் முட்டைக்குப் போதாது. பெரிய பண்ணைகளில் தாய்க்கோழிக்குத் தனித் தீவனம் வைப்பது இதனால்தான். வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு மஞ்சள் கரு திரள ஏறக்குறைய 10 நாள் ஆகும். ஆகவே அடைமுட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கம்பு, சோளம், தவிட்டோடு முருங்கைக்கீரையும் உப்பில்லாத கருவாட்டுத் தூளும் சேருங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய அளவைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

எத்தனை முட்டை என்பதை வைத்துத் தாய்க்கோழியின் தீனியை எடைபோடாதீர்கள். முதல் வாரம் தாண்டி எத்தனை குஞ்சு ஓடியாடுகிறது என்பதே கணக்கு. அடுத்த அடைக்கு முட்டை பொறுக்குவதற்கு முன், கோழி என்ன தின்கிறது என்று பாருங்கள்.