கீயோகக்: ஒரு நகரும் ஒரு பெயரும்



1896ஆம் ஆண்டில் கொழும்புக்கும் வந்து சென்ற மார்க் ட்வெய்ன், இளமையில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். இருபது வயதை ஒட்டி, 1855–56இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத் தென்கோடியிலுள்ள கீயோகக் என்னும் ஆற்றங்கரை ஊரில், தமையனாரின் அச்சகத்தில் அவர் வேலை செய்தார். அங்கே அச்சான நகர விபரக்கொத்தில் தமது தொழிலைப் பழம்பொருள் ஆய்வாளர் எனக் குறும்பாகப் பதிந்துகொண்டார். இதைப் படித்தபோது நான் சிரித்தேன். பின்னர் அவ்வூரின் பழமையைத் தேடிப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

டி மொய்ன் ஆறு மிஸிஸிப்பியோடு கலக்கும் இடம் அது. அதற்குச் சற்று மேலே ஏறத்தாழ 11 மைல் தூரத்துக்கு மிஸிஸிப்பி பாறைகளின் மேல் பாய்ந்தது. நீராவிக் கப்பல்கள் அங்கே தடைப்பட்டன. பொருள்களை இறக்கிச் சிறு படகுகளில் ஏற்றினால்தான் மேலே செல்லலாம். இறக்க ஆள் வேண்டும். ஆளுக்கு உணவும் உறைவிடமும் வேண்டும். 1820இல் சாமுவேல் மியூர் என்ற மருத்துவர் அங்கே ஒரு மரக்குடிலை அமைத்தார். 1847இல் அது நகராயிற்று. ஆற்றின் தடையே ஊரின் பிறப்புக்குக் காரணம் எனலாம்.

பெயர் வந்த கதை அத்துணை எளிதன்று. கீயோகக் என்பவர் அம்மண்ணுக்குரிய சோக் இனத்தின் தலைவர். விழிப்போடு உலவுபவர் என்பது அப்பெயரின் பொருள் என்பர். அதே இனத்தின் மற்றொரு தலைவர் பிளாக் ஹோக். 1804ஆம் ஆண்டு ஒப்பந்தமொன்றின்படி மிஸிஸிப்பிக்குக் கிழக்கேயிருந்த நிலம் முழுவதும் தமக்கே உரியது என்றது அமெரிக்க அரசு. கையொப்பமிட்டவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்றார் பிளாக் ஹோக். கீயோகக்கோ 1824இல் வொஷிங்டனுக்குச் சென்று வந்தவர். வெள்ளையரின் தொகையையும் வலிமையையும் நேரிற் கண்டவர். போர் வேண்டாம் என்றார்.

1832இல் பிளாக் ஹோக் பெண்கள், குழந்தைகள் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் ஆற்றைக் கடந்து தம் பழைய நிலத்துக்குத் திரும்பினார். ஆகஸ்டில், திரும்பவும் ஆற்றைக் கடந்து தப்ப முயன்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கீயோகக்கைப் பின்பற்றியோர் உயிர் பிழைத்தனர். ஆனால் 1842இல் அயோவாவில் எஞ்சியிருந்த நிலத்தையும் அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்க நேர்ந்தது. 1848இல் கீயோகக் கன்சாஸில் இறந்தார். தம் பெயர் தாங்கிய ஊரில் வாழ அவருக்கு இடமிருக்கவில்லை.

1883இல் அவ்வூரார் அவரது எலும்புகளைக் கொண்டுவந்து தமது பூங்காவிலே அடக்கம் செய்தனர். 1913இல் சிலையும் எழுப்பினர். பிளாக் ஹோக்கின் எலும்புகளோ கல்லறையிலிருந்து திருடப்பட்டு, 1855இல் ஒரு கட்டடத்தோடு தீக்கிரையாயின என்பர். ஆயினும் அவருக்கு ஒரு நூல் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வழியே எழுதப்பட்டு, 1833இல் வெளிவந்த தன்வரலாறு அது.

இவ்விருவரில் யார் சரி? அடங்கியவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் காத்த உயிர்கள் உண்மையானவை. ஆனால் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அவரது உயிர்காத்த அறிவைப் போற்றினார்களா, அன்றி நிலம் கைமாறியதற்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டார்களா? பெயர் நினைவைத் தருகிறது; யாருடைய நினைவு என்பதைச் சொல்லாமல் விடுகிறது. பெயர் மறைப்பதை நூலிலேதான் தேடவேண்டியிருக்கிறது. இலக்கியத்தின் தேவை இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. சிலை எழுந்த அதே 1913இல் அங்கே பெரிய அணைக்கட்டும் முடிந்தது. ஊரைப் பிறப்பித்த பாறைகள் நீரில் மூழ்கின. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்வோர் 10,000 பேருக்குச் சற்றுக் குறைவு. ஆற்றின் இரைச்சல் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் விழித்திருக்கிறது.