நம் கைப்பேசியில் நம்மவர் பாட்டு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற மேடை இது. பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாகச் செகந்திராபாத்தில் இரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளும் யாம் இங்கே பெரும்பொருள் எதையும் பேச வரவில்லை. நிறுவனம் எதனையும் சாராத கலைஞர்கள் தாமே வெளியிடும் பாடல்களை விலை கொடுத்து வாங்கி, கைப்பேசியில் இறக்கி, கேட்பது எவ்வாறு என்பதே எம் பேச்சு. தேர்தலில் கட்சி சாராது நிற்பவரைச் சுயேச்சை என்கிறோம் அல்லவா? இசையிலும் அத்தகைய சுயேச்சைகள் உண்டு. அவர்தம் இசையைச் சுயாதீன இசை என்று இக்காலத்தில் வழங்குகின்றனர்.

“இதற்கும் ஒரு சொற்பொழிவா?” என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். இச்சிறு செயலை அறியாத காரணத்தால் யாம் ஓர் இளைஞனின் உள்ளத்தைப் புண்படுத்தினோம். அதனாலேயே செயலாளர் அவர்களிடம் பத்து நிமிடம் வேண்டிப் பெற்றோம்.

அவ்விளைஞன் நம் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய ஆச்சி, அம்பாசமுத்திரம் வயல்களில் இளமையில் தாம் பாடிய நடவுப் பாட்டுகளையும், பிள்ளைகளைத் தூளியிலிட்டுப் பாடிய தாலாட்டுகளையும், தெலுங்கு மண்ணில் நாற்பது ஆண்டு வாழ்ந்தும் மறவாதவர். வீட்டு உள்ளறையில் ஒலிவாங்கி வைத்து, அவர் பாடிய பதினொரு பாடல்களை அவன் பதிவு செய்தான். ‘பேண்ட்கேம்ப்’ என்னும் இணையக் கடையில் வெளியிட்டான். சென்ற பொங்கல் விழாவில் அச்செய்தி அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் கைதட்டினோம். அன்றிரவே யாமும் விலை செலுத்தி வாங்கினோம்.

இறக்கிய கோப்பைத் தொட்டோம். பாட்டு வரவில்லை. திறக்க இயலாது என்னும் ஒரு வரி மட்டுமே வந்தது. மறுவாரம் சங்கத்தில், நால்வர் காதுபட, “தம்பி, காசு வாங்கிக்கொண்டு ஊமைப் பாட்டு விற்கிறாயே!” என்றோம். அருகிருந்த இருவர், “எங்கள் கைப்பேசியிலும் அதே கதைதான்” என்றனர். கூடியிருந்தோர் நகைத்தனர். அவன் முகம் வாடிப்போயிற்று.

மறுநாள் மாலை அவன் எம் இல்லம் வந்தான். “மாமா, உங்கள் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன். ஆனால் ஒரு தடவை உங்கள் கைப்பேசியைக் காட்டுங்கள்” என்றான். ஐந்து நிமிடம் சென்றிருக்கும். ஆச்சியின் குரல் எம் கூடத்தில் ஒலித்தது. அடுக்களையில் இருந்த எம் துணைவியார் கரண்டியும் கையுமாக வாயிலில் வந்து நின்றுவிட்டார். பழுது பாட்டில் இல்லை, எம் அறியாமையில் இருந்தது.

அவன் அன்று கற்பித்ததை எமக்குத் தெரிந்த இரயில்வே மொழியில் இங்கே சொல்கிறோம்.

பாடல் தொகுப்பு ஒன்றை வாங்கினால் பதினொரு பாடல்களும் தனித்தனியே வருவதில்லை. ‘ஜிப்’ எனப்படும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. பார்சல் ஆபீசில் வந்திறங்கிய மூட்டையைப் பிரிக்காமல் உள்ளிருக்கும் வெண்கலப் பாத்திரத்தில் சோறு வடிக்க இயலுமா? யாம் செய்தது அதுவே. ஆண்டிராய்டு கைப்பேசியில் கோப்புகளைக் காட்டும் ‘ஃபைல்ஸ்’ செயலியைத் திறந்து, ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் அம்மூட்டையைத் தொட்டுப் பிரிக்கச் சொன்னால், பாடல்கள் வரிசையாக வெளிவரும். அவற்றை ‘மியூசிக்’ என்னும் உறைக்கு மாற்றிவிட்டால் பாட்டுச் செயலி தானே கண்டுகொள்ளும். ஐபோனிலும் ‘ஃபைல்ஸ்’ உண்டு. அங்கே மூட்டையை ஒரு முறை தொட்டாலே பிரிந்துவிடும். இறக்கும்போது இணைப்பு நடுவில் அறுந்தால் மூட்டை குறையாக வந்து சேரும், அதுவும் திறவாது. ஆகவே வீட்டு வைஃபையில் இறக்குவது நலம்.

அடுத்தது வடிவம். மீட்டர் கேஜ் இருந்த காலத்தை மூத்தோர் அறிவீர்கள். அதன் அகலம் 1000 மில்லிமீட்டர். பிராட் கேஜின் அகலம் 1676 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. ஒலிக் கோப்புகளுக்கும் இவ்வாறே கேஜ்கள் உண்டு. குறுந்தட்டின் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டொன்று ஏறத்தாழ 50 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜெர்மானிய அறிஞர்கள் வகுத்த எம்.பி.3 முறை, செவி எளிதில் உணராதவற்றைக் கழித்துவிட்டு, உயர்தரத்தில் ஏறத்தாழ 12 மெகாபைட்டுக்குள் அதே பாட்டை அடக்கும். 2001-இல் வெளிவந்த ‘ஃபிளாக்’ முறையோ எதனையும் கழிக்காமல் மடித்து வைக்கிறது. இடம் பெரும்பாலும் பாதியளவுக்குக் குறையும், ஒலியில் அணுவளவும் குறையாது.

வாங்கியபின், எந்த வடிவில் வேண்டும் என்று பேண்ட்கேம்ப் கேட்கும். யாம் பொருள் அறியாமல் ஃபிளாக் என்பதைத் தொட்டிருந்தோம். ஆண்டிராய்டு கைப்பேசிகள் அதனைப் பாடும். கல்லூரியில் பயிலும் எம் மகளின் ஐபோனிலோ, அதன் சொந்த மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்பதில்லை. அவள் ‘வி.எல்.சி.’ என்னும் இலவசச் செயலியை நிறுவி, கோப்பை அதற்கு அனுப்பிக் கேட்டாள். இத்தொல்லை வேண்டாதவர் எம்.பி.3 வடிவையே தேர்ந்துகொள்ளலாம். அது ஏறக்குறைய எல்லாப் பாதையிலும் ஓடும் வண்டி. ஒரு முறை வாங்கியதை வேறு வடிவில் மீண்டும் இறக்கிக்கொள்ளவும் அக்கடை இடந்தருகிறது. பணம் செலுத்த இயலவில்லை என்று சிலர் கூறினர். அது அமெரிக்கக் கடையாதலால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி பெற்ற அட்டை வேண்டும். வங்கியின் செயலியிலேயே அவ்வனுமதியை இயக்கலாம்.

“மாதச் சந்தா கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கும்போது இவ்வளவு தொல்லை எதற்கு?” என்று வினவலாம். நியாயமான கேள்வி. சந்தா என்பது வாடகை வீடு. கோப்பு என்பது சொந்த வீடு. பிளிப்கார்ட் நிறுவனம் 2012 பிப்ரவரியில் ‘ஃபிளைட்’ என்னும் பாட்டுக் கடை தொடங்கி எம்.பி.3 பாடல்களை விற்றது. 2013 ஜூனில் அக்கடையை மூடிவிட்டது. கூகுள் பிளே மியூசிக் சேவை 2020 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கடைகள் போயின, கோப்பை இறக்கித் தம்மிடம் வைத்துக்கொண்டவரிடம் பாட்டு நிலைத்தது. சென்னைக்குச் செல்லும் சார்மினார் விரைவு வண்டியில், இணைப்பு அறுந்த நள்ளிரவிலும் அது பாடும்.

மற்றொரு காரணமும் உண்டு. பேண்ட்கேம்ப் 2008 முதல் நடந்துவரும் கடை. பதிவிறக்க விற்பனையில் தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தான் எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் கட்டணமும் போக எஞ்சிய பெரும்பகுதி கலைஞனைச் சேர்கிறது. திரைப்படத்தைச் சாராத இசை இன்று தமிழில் தலைநிமிர்ந்து நிற்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவையும், 2019-இல் அறிவும் ஒஃப்ரோவும் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பையும் நம் இளைஞர் நன்கறிவர். ஆனால் நம் தெருவிலேயே பாடும் ஒருவரை யார் தாங்குவார்? நாம் வாங்கினால் உண்டு. ஒருவர் வாங்கியதை வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்புவது அன்பின் செயலாகத் தோன்றலாம்; பாடியவர் கைக்கு அதனால் ஒரு காசும் செல்லாது. பாட்டை அனுப்புவதினும், அதன் கடை முகவரியை அனுப்புவதே அறம்.

அன்பர்களே! ஆடி மாதத்தில் அந்த ஆச்சி காலமானார். துக்கம் கேட்கச் சென்றிருந்தோம். அம்மையாரின் மகள், எம் கைப்பேசியை வாங்கி, அதில் தம் தாயின் தாலாட்டு இருப்பதைக் கண்டு, “இதை அழித்துவிடாதீர்கள் அண்ணா” என்று மட்டும் சொன்னார். எமக்கு மறுமொழி வரவில்லை. ஊமைப் பாட்டு என்று யாம் எள்ளியது அக்குரலையன்றோ!

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், நம் நூலகத்தில் இளைஞர் இருவர் அமர்ந்து, மூத்தோர்க்கு மூட்டை பிரிக்கவும் பாட்டு ஏற்றவும் கற்றுத்தர வேண்டும். வாங்கிய பாட்டைக் கைப்பேசியில் ஒரு படியும், பென்டிரைவிலோ கணினியிலோ மற்றொரு படியுமாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் அவர்கள் ஏற்படுத்த வேண்டும். கைப்பேசி கீழே விழும், தொலையும், குரல் தொலையலாகாது.

நிறைவாக ஒன்று. நால்வர் நடுவே செய்த பிழைக்கு நால்வர் நடுவேதான் பொறுத்தருள வேண்டுதல் முறை. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அத்தம்பியிடம், இவ்வவையறிய, எம்மைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். உன் பாட்டு ஊமையன்று, தம்பி, யாம் செவிடாயிருந்தோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.