சேலத்துச் சேர்மன்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். அடியேன் இன்று பேசப் புகுவது சேலம் நகரசபைச் சேர்மனாக இருந்த ராஜாஜியைப் பற்றி. அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் அந்த இரண்டு ஆண்டுகளை இரண்டு வரிகளில் தாண்டிப் போவது வழக்கம். அவ்வளவு விரைவில் தாண்டிச் செல்லத்தக்க காலம் அன்று அது.

முதலில் நம் ஊர்ப் பாத்தியதையைச் சொல்லிக்கொள்கிறேன். 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் மணியக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஓசூர்ப் பள்ளியில் பயின்று, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் சேர்ந்து, 1894-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். நம் குழந்தைகள் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து போகும் அக்கட்டிடத்தில் ஒரு காலத்தில் மெலிந்த தமிழ்ப் பையன் ஒருவன் பாடங்கேட்டான் என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பின்னர் சென்னையில் சட்டம் படித்து, 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் நன்கு நடந்தது. 1911-இல் நகரசபை அங்கத்தினரானார். 1917-இல் அதன் தலைவரானார். அதற்கு முன்பே மனைவியை இழந்துவிட்டார். வீட்டில் தாயில்லாக் குழந்தைகள் ஐவர். கோர்ட்டும் குடும்பமும் போதாவென்று நகரசபையையும் தோளில் ஏற்றிக்கொண்டார்.

நகரசபை வேலை எத்தகையது என்று காலனிவாசிகளாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குழாய், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு. இவற்றில் குறையிருந்தால் வசவு, குறையில்லாவிட்டால் மௌனம்!

சேலத்தில் அந்நாளில் குழாய்த் தண்ணீர் புதுமை. பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து நீர் கொண்டுவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கிணறு இருந்தவரை இன்னார் கிணறு, இன்ன தெருக் கிணறு என்று பிரித்து வைத்துவிடலாம். குழாய் அப்படியன்று, ஒரே ஏரியின் நீர் எல்லாத் தெருவுக்கும் ஓடுகிறது. ஆயினும் அதனைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டுமே! தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிப்பந்தி ஒருவரை, அக்ரகாரத்துக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வைத்தார் சேர்மன். அக்ரகாரம் கொதித்தது, தண்ணீர் தீட்டுப்பட்டதென்றது. சேர்மனும் அதே வகுப்பில் பிறந்தவர்தாம். இருந்தும் உத்தரவை மாற்றவில்லை. அவ்வகுப்பினரில் ஒருவர் சேலம் நகரசபைக்கு முதன்முதலாக அங்கத்தினராக வந்ததும் அவர் முயற்சியாலேயே. இவற்றுக்காக ஆசாரக்காரர் பலர் அவரை விலக்கி வைத்தனர். தம் தெருவாரின் முகத்துக்கு எதிரே நிற்பது மாற்றாரோடு பொருவதினும் கடினம் என்பதை, காலனிக் கூட்டத்தில் ஒரு தடவையேனும் தனித்து நின்று பேசியவர்கள் அறிவார்கள்.

பிற்கால அரசியலில் அவரோடு மாறுபட்டவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதையும், 1953-இல் கொணர்ந்த கல்வித் திட்டத்தையும் நானும் ஒப்புக்கொள்பவன் அல்லேன். ஆனால் குழாயடியில் அவர் நின்ற இடம் சரியான இடம்.

அதே ஆண்டுகளில் பக்கத்து ஈரோட்டிலும் ஒரு சேர்மன் இருந்தார். அவர்தாம் ஈ. வெ. ராமசாமி. குடிநீர் வசதிக்கும் தெருக்களை அகலப்படுத்துவதற்கும் அவர் பெயர் பெற்றிருந்தார். காவிரிக் கரையும் சேர்வராயன் மலையடியும் இவ்வாறு நட்புக் கொண்டன. 1919-இல் ஒருவர் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மற்றவர் ஈரோட்டுப் பதவியைத் துறந்து காங்கிரஸில் சேர்ந்தார். இருவரையும் நாடு இழுத்துக்கொண்டது.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? நம் பெங்களூர் மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. 2024 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நாம் காத்து நின்றபோது, முறையிடுவதற்கு நம் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. அன்று அதை எத்தனை பேர் குறையாகக் கருதினோம்? நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். சேலத்தில் ராஜாஜியும் வந்து குடியேறிய வக்கீல்தாம்.

ஈரோட்டுச் சேர்மனும் சேலத்துச் சேர்மனும் பின்னாளில் எதிரெதிர் அணியில் நின்றனர். ஒருவர் ஆட்சியில் மற்றவர் சிறை சென்றார். ஆயினும், 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவரான பெரியார் சென்னையில் மயானம் வரை வந்து, எல்லாரும் காண அழுதார்.